புதிய கான்ட்ராக்ட் தொழில்: விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

வளைகுடாவில் பல வருடம் கொத்தனாராகவும், எலக்ட்ரீசியனாகவும், சூப்பர்வைசராகவும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் நம் சகோதரர்கள் பலர், கையில் இருக்கும் சேமிப்பை வைத்துச் சொந்தமாகக் கட்டட கான்ட்ராக்ட் எடுக்க விரும்புகிறார்கள். வேலை தெரியும், ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார் என்பதுதான் முதல் கவலை. அந்தக் கவலையில் தொடக்கத்திலேயே பெரிய தொகையை விளம்பரத்தில் கொட்டிவிட்டு, முதல் வேலைக்கு சிமெண்ட் வாங்கப் பணமில்லாமல் நிற்பவர்களும் உண்டு. இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

சதவீதம் எங்கிருந்து வருகிறது?

மொத்த விற்பனையில் 7 முதல் 8 சதவீதம் வரை விளம்பரத்துக்கு ஒதுக்கலாம் என்று அமெரிக்கச் சிறு தொழில்களுக்கான ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. அதை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது. விளம்பரப் பணம் விற்பனையிலிருந்து வருவதில்லை. செலவு போக மிஞ்சுவதிலிருந்துதான் வருகிறது.

முதல் வருடம் 15 லட்சம் ரூபாய்க்கு வேலை கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். பொருளும் கூலியும் 12 லட்சம். மீதி 3 லட்சம். வண்டி, போன், கருவித் தேய்மானம் 60 ஆயிரம். வீட்டுச் செலவுக்கு மாதம் 15 ஆயிரம் என்றால் வருடத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். கடைசியில் மிஞ்சுவது 60 ஆயிரம். இதில் 8 சதவீதக் கணக்குப்படி 1 லட்சத்து 20 ஆயிரத்தை விளம்பரத்துக்குக் கொடுத்தால், மீதி 60 ஆயிரத்தை வீட்டு நகைதான் கொடுக்க வேண்டும். மிஞ்சும் தொகையில் பாதி, அதாவது 30 ஆயிரம் என்று வைத்தால் அது மொத்த வேலையில் 2 சதவீதம். இதுவே நம் உச்சவரம்பு.

வாடிக்கையாளர் பொருள் வாங்கத் தரும் அட்வான்ஸ், நம்மிடம் உள்ள அமானிதம். அதிலிருந்து ஒரு ரூபாயும் விளம்பரத்துக்குப் போகக் கூடாது.

மலை ஏறும் செலவும் விளம்பரச் செலவுதான்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து செம்மேடு செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நாமக்கல்லில் இருந்துகொண்டு மலையில் வேலை எடுப்பவர், ஒவ்வொரு விசாரிப்புக்கும் இடம் பார்க்க இந்தப் பாதையில் ஏறி இறங்க வேண்டும்.

6,000 ரூபாய்க்கு நோட்டீஸ் அடித்து 12 அழைப்புகள் வந்து, அதில் 2 வேலை கிடைத்தால், ஒரு வேலைக்கு 3,000 ரூபாய் செலவானது போலத் தெரியும். ஆனால் 8 இடங்களை நேரில் பார்க்கப் போய், ஒவ்வொரு முறையும் பெட்ரோலும் அரை நாள் கூலியுமாக 700 ரூபாய் போனால், அது 5,600. உண்மையில் ஒரு வேலைக்கு ஆன செலவு 5,800 ரூபாய். ஒரு லட்ச ரூபாய் வேலை என்றால் நம் 2 சதவீத வரம்பு 2,000 மட்டுமே. 3 லட்ச ரூபாய் வேலை என்றால் 6,000 வரை தாங்கும்.

ஆகவே எந்த வேலை செய்வோம், எந்த ஊர்வரை வருவோம் என்பதை விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும். சிமெண்ட், செங்கல், எம்-சாண்ட் கீழிருந்து ஏற்ற வாடகை தனி என்றால் அதையும் மறைக்காமல் சொல்வது நல்லது. இடத்தின் படங்களை முதலில் வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்துவிட்டு ஏறினால் வீண் பயணம் குறையும்.

யாருக்குப் போய்ச் சேருகிறது?

ஆடி 17, 18 தேதிகளில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு மலையில் கூட்டம் திரளும். கூட்டத்தைப் பார்த்துப் பேனர் வைக்கத் தோன்றும். ஆனால் வெளியூரிலிருந்து ஆகாய கங்கை அருவியைப் பார்க்க வருபவருக்கு மலையில் வீடு கட்டும் வேலை இருக்காது. ஆடியில் வீட்டு வேலை தொடங்குபவர்களும் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தை பிறந்ததும்தான் பலர் வேலையைத் தொடங்குவார்கள். எனவே டிசம்பரில் செய்யும் செலவுக்குத்தான் பலன் அதிகம்.

முகநூல் விளம்பரத்தில் செம்மேட்டைச் சுற்றி 40 கிலோமீட்டர் வட்டம் போட்டால், திருச்சி மாவட்டத் துறையூரும் உள்ளே வந்துவிடும். வரைபடத்தில் அது பக்கம். சாலையில் மலையைச் சுற்றி வர வேண்டும். வட்டத்தை நம்பாமல் ஊர்ப் பெயர்களைக் கொடுத்துத் தேர்வு செய்வதே சரி. வாழவந்திநாடு, குண்டூர்நாடு போன்ற ஊராட்சிகளிலும் சோளக்காடு சந்தையிலும், முடித்த வேலையைக் கண்ணால் பார்த்தவர் சொல்லும் வார்த்தைக்கே மதிப்பு அதிகம்.

30 ஆயிரத்தைப் பிரிப்பது எப்படி?

• 12 ஆயிரம்: ஒரு முறைச் செலவு. வண்டியில் பெயர், வேலை நடக்கும் இடத்தில் வைக்கும் போர்டு, விசிட்டிங் கார்டு, முடித்த வேலைகளின் நல்ல படங்கள்.

• 12 ஆயிரம்: மாதம் ஆயிரம் ரூபாய். எந்த வழியில் வேலை வருகிறதோ அந்த வழிக்கு.

• 6 ஆயிரம்: கையிருப்பு. டிசம்பருக்காக.

கூகுள் வரைபடத்தில் தொழிலைப் பதிவு செய்வதும், வாட்ஸ்அப் பிசினஸும், மத்திய அரசின் உத்யம் பதிவும் இலவசம். இவற்றுக்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஏமாற வேண்டாம். பொது இடத்தில் பேனர் வைக்க முறையான அனுமதி வேண்டும். பொதுப்பணித்துறை போன்ற துறைகளில் பதிவு இல்லாமல் “அரசு அங்கீகாரம் பெற்ற ஒப்பந்தக்காரர்” என்று போட்டுக்கொள்வது பொய். பொய்யால் கிடைத்த வேலையில் பரக்கத் எங்கிருந்து வரும்?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

அழைக்கும் ஒவ்வொருவரிடமும் “எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?” என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். தேதி, ஊர், வந்த வழி, இடம் பார்க்கப் போனோமா, வேலை கிடைத்ததா என்று ஐந்து கட்டங்கள் போதும். வீட்டில் மனைவியோ பிள்ளைகளோ இதைப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எதை நிறுத்த வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கையில் இருக்கும் ஆட்களால் ஒரே நேரத்தில் இரண்டு வேலைதான் முடியும் என்றால், மூன்றாவதுக்கு விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. அந்த மாதத்து ஆயிரத்தை எடுத்து வைத்துவிட்டு, கையிலுள்ள இரண்டையும் சொன்ன தேதியில் ஒப்படைத்தால், அடுத்த வேலை இன்ஷா அல்லாஹ் அந்த வீட்டுக்காரர் மூலமே வரும்.