பிராகில் பணம் மாற்றினால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்

வல்தாவா ஆற்றின் மேல் 1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தைப் பார்க்காமல் பிராகிலிருந்து யாரும் திரும்புவதில்லை. அந்தப் பாலத்திலிருந்து பழைய நகரச் சதுக்கத்துக்கு நடக்கும் வழியில்தான் பணம் மாற்றும் கடைகளும் மொய்க்கின்றன. செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே புழங்குவது கொருனா, யூரோ அல்ல.

'கமிஷன் கிடையாது' என்ற பலகையை நம்பிப் பணத்தை நீட்டிவிடாதீர்கள். கமிஷனில் விட்டதை மாற்று விலையில் பிடித்துக்கொள்ளலாம். சந்தையில் ஒரு யூரோ 24 கொருனா என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 19 கொடுத்தால் 100 யூரோவுக்கு 500 கொருனா போய்விட்டது. ஒருவர் வயிறாரச் சாப்பிடும் காசு அது. "100 யூரோ தந்தால் என் கைக்கு எவ்வளவு வரும்?" என்று முதலில் கேளுங்கள்.

கேட்காமல் மாற்றிவிட்டாலும் வழி இருக்கிறது. 1,000 யூரோ மதிப்புக்கு மேற்படாத பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யும் உரிமையை 2019 ஏப்ரல் முதல் செக் சட்டம் தருகிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. ரசீதோடு அதே கடைக்குத் திரும்பிப் போனால் போதும். மறுத்தால், இந்தக் கடைகளைக் கண்காணிக்கும் செக் தேசிய வங்கியிடம் புகார் செய்யலாம். இவ்வளவு நல்ல சட்டம் இருப்பது பயணிகள் பலருக்குத் தெரியாமலே போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தெருவில் நின்று "நல்ல விலை தருகிறேன்" என்று அழைப்பவரிடம் மாற்றினால் ரசீதும் இல்லை, நிவாரணமும் இல்லை. கொருனா என்று சொல்லி வேறு நாட்டு மலிவு நோட்டுகளைத் திணித்துவிட்டுப் போவது அங்கே பழைய மோசடி. ஏடிஎம் இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிட்டுத் தரவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். கொருனாவில் கழிப்பதே பெரும்பாலும் லாபம்.

டிராமில் காகித டிக்கெட் வைத்திருந்தால் மட்டும் போதாது, ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மெட்ரோவில் உள்ளே இறங்கும் முன்பே. குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு. பரிசோதகர் சாதாரண உடையில் வரலாம்; பேட்ஜைக் காட்டச் சொல்லுங்கள், அபராதம் கட்டினால் ரசீது வாங்குங்கள்.

சதுக்கத்தில் சுட்ட பன்றித்தொடை இறைச்சி வாங்குகிறவர்கள் பலகையைக் கவனிக்க வேண்டும். எழுதியிருப்பது 100 கிராம் விலை. தட்டில் விழுவது அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். எடை போடுமுன்பே அளவைச் சொல்லிவிடுங்கள். பில்லில் ஏமாற்றினால் செக் வணிக ஆய்வு ஆணையத்திடம் முறையிடலாம்.

கோட்டைக்குப் போகும் 22-ஆம் எண் டிராமிலும், மணியடிக்கும்போது வானியல் கடிகாரத்தின் கீழ் கூடும் கூட்டத்திலும் பிக்பாக்கெட் பயம் அதிகம். பாஸ்போர்ட் பறிபோனால் 158-ஐ அழைத்தால் காவல்துறை. 112 எல்லா அவசரத்துக்கும். காவல் நிலையத்தில் எழுத்து வடிவில் அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு பிராகிலேயே தூதரகம் இருக்கிறது. ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் கேட்கவும், காப்பீட்டுத் தொகை கோரவும் அந்த அறிக்கை தேவைப்படும்.