மடிக்கணினியில் இரண்டு மானிட்டர்: வாங்குமுன் கவனிக்க

விருத்தாசலத்தில் என் பீங்கான் மொத்தக் கடையில் குமாஸ்தாவுக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று என இரண்டு பழைய மானிட்டர்களை மடிக்கணினியோடு இணைக்க, விவரம் அறியாமல் மலிவான எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் வாங்கினேன். அது ஒரே படத்தைத்தான் இரண்டிலும் காட்டும். கொள்முதல் விலை வாடிக்கையாளர் கண்ணில் பட்டு, பேரமே முறிந்தது.

சரியான முறை இதுவே. எச்.டி.எம்.ஐ. துளையில் ஒரு மானிட்டர். டைப்-சி துளை படம் அனுப்பும் வகையா என்று விசாரித்து (எல்லாம் அனுப்பாது), அதில் மற்றொன்று. இல்லையேல் டிஸ்ப்ளேலிங்க் சில்லு உள்ள யு.எஸ்.பி. மாற்றி, விலை சற்றுக் கூடுதல், அதற்குரிய மென்பொருளும் ஏற்றவேண்டும். பழைய வி.ஜி.ஏ. மானிட்டரை எடைக்குப் போடவேண்டாம், 'எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு' என்று கேட்டு மாற்றி வாங்குங்கள்; திசை மாறினால் பயனில்லை. பிறகு விண்டோஸ் பொத்தானுடன் 'பி' அழுத்தி, 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள்.

துளையைப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்!