பழைய மோட்டார் சைக்கிளை வீதிக்கு எடுக்க முன்

விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிள் வளவில் அப்படியே கிடப்பதைக் கண்டால் உடனே அருகில் போக வேண்டாம். சுற்றியுள்ள நிலத்தில் மிதிவெடி இருக்கலாம். வண்டியிலேயே வெடிபொருள் பொருத்தப்பட்டிருக்கலாம். வந்த வழியாலேயே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். அவர்கள் அனுமதித்த பின்னரே தொடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இயந்திரத்தை இயக்கிப் பார்க்கவே மனம் அவசரப்படும். ஆனால் ஓடாத வண்டியைவிட நிறுத்த முடியாத வண்டியே ஆபத்தானது. எனவே பிறேக்கிலிருந்து தொடங்குங்கள்.

• பிறேக்: கேபிளில் துருவோ அறுந்த இழையோ இருந்தால் மாற்றுங்கள். பிறேக்கினுள் இருக்கும் தூசியை ஊத வேண்டாம். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

• ரயர்: பூ தேயாமல் இருந்தாலும், பக்கவாட்டு றப்பர் வெடித்திருந்தால் பாவிக்க வேண்டாம்.

• பெற்றோல்: பழையதை வெளியிடத்தில், நெருப்புக்கும் கிணற்றுக்கும் தூரமாக வைத்து ஒரு கலனில் இறக்குங்கள்.

• சில்லும் செயினும்: தளர்ந்த கம்பிகளை இறுக்குவியுங்கள். துருவேறி இறுகிய செயினை மாற்றுங்கள்.

• லைற், சிக்னல், ஹோன்: எல்லாம் வேலை செய்ய வேண்டும்.

பின்னர் இயந்திரத்தை இயக்காமல், வண்டியை நடைவேகத்தில் தள்ளி, முன் பிறேக்கையும் பின் பிறேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். இரண்டும் நிறுத்தினால் மட்டுமே ஏறுங்கள்.

வீதியில் ஓட காப்புறுதியும், பிரதேச செயலகத்தில் பெறும் வருமான அனுமதிப்பத்திரமும் தேவை. ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். பிள்ளையை ஏற்றினால் பிள்ளைக்கும் அளவான தலைக்கவசம் அணிவியுங்கள்.