கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்

ரொறன்ரோவின் பார்க்டேலில், ஜேம்சன் அவென்யூ மாடிவீடு ஒன்றில் இருக்கும் அறுபது வயதுக்காரருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதற் கேள்வி, "எப்ப வெட்டுவினம்?" என்பதுதான். வெட்டிய பிறகு சிறுநீர் அடங்குமா, தாம்பத்தியம் என்ன ஆகும், வேலைக்குப் போகலாமா என்று கேட்பவர் குறைவு.

கனடாவில் எட்டு ஆண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. ஐந்தாண்டு கடந்து வாழ்பவர்கள் ஏறத்தாழ 91 சதவீதம். ஆகவே சிகிச்சைக்குப் பிந்திய வாழ்க்கை நீண்டது. திசுப் பரிசோதனை அறிக்கையில் நோயின் தரம் 1 முதல் 5 வரை குறிக்கப்பட்டிருக்கும். தரம் 1 என்றால் பெரும்பாலும் உடனே வெட்டத் தேவையில்லை; கண்காணித்து வரலாம். இந்த அணுகுமுறையின் முன்னோடி நம் ஊர்க்காரர்: ரொறன்ரோ சன்னிபுரூக் மருத்துவமனையின் டொக்டர் லோரன்ஸ் குளொட்ஸ். 1995இல் அவர் தொடங்கிய கண்காணிப்பில் இருந்த 993 பேரில், 2015இல் வெளியான ஆய்வின்படி இந்நோயால் இறந்தவர்கள் 15 பேர் மட்டுமே. பிரித்தானியாவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என எதைப் பெற்றவர்களிலும் 15 ஆண்டுகளில் நூற்றுக்கு 97 பேர் இந்நோயால் இறக்கவில்லை. ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களிடையே நோய் பரவியது மற்ற இரு பிரிவினரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிஎஸ்ஏ இரத்தச் சோதனையையும் மறு திசுப் பரிசோதனையையும் தவறவிடுபவருக்குக் கண்காணிப்பு ஏற்றதல்ல. தரம் கூடிய நோய்க்கு இது பொருந்தவும் மாட்டாது.

அறுவைக்குப் பின் சிறுநீர்க் கசிவும் விறைப்புக் குறைவும், கதிர்வீச்சுக்குப் பின் குடல் தொல்லையும், ஹோர்மோன் ஊசியால் உடற்சூடு, சோர்வு, எலும்புத் தேய்வு, மனச்சோர்வு ஆகியவையும் வரலாம். இவற்றை அளக்க மருத்துவமனைகள் வினாத்தாள் தருவதுண்டு. "நாளுக்கு எத்தனை பாட் மாற்றுகிறீர்கள்?", "விறைப்பு உடலுறவுக்குப் போதுமா?" என்றெல்லாம் அதில் இருக்கும். பக்கத்தில் மகள் இருந்து மொழிபெயர்த்தால் தகப்பன் என்ன சொல்வார்? "ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார். மருத்துவரும் அதையே எழுதிக்கொள்வார். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, மாத்திரை, ஆலோசனை என்று கிடைக்கக்கூடிய உதவியெல்லாம் அந்த ஒரு பதிலோடு நின்றுவிடும்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். தொலைபேசி வழியாகவும் ஏற்பாடு செய்வார்கள். "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ" என்று பிள்ளைகள் மருத்துவரைக் கேட்பதும் நம்மிடையே உண்டு. பாசம்தான், ஆனால் சட்டம் அப்பாவின் பக்கம். ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டுச் சிகிச்சை ஒப்புதல் சட்டப்படி, சிகிச்சையின் பயன், ஆபத்து, பக்கவிளைவு, மாற்றுவழி, சிகிச்சை பெறாவிட்டால் என்ன நடக்கும் என்ற அனைத்தையும் நோயாளிக்கே விளக்க வேண்டும். மருத்துவப் பதிவுகளின் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமையும் அவருக்கு உண்டு. இன்னும் பிள்ளை வேண்டும் என்பவர், விந்தணுச் சேமிப்பு பற்றிச் சிகிச்சைக்கு முன்பே பேச வேண்டும்.

பணக் கவலைக்கும் வழி உண்டு. கடந்த ஓராண்டில் 600 மணிநேரம் காப்புறுதியுள்ள வேலை செய்தவருக்கு வேலைவாய்ப்புக் காப்புறுதியில் 26 வாரம் வரை நோய்க்கால உதவி கிடைக்கும். சொந்தமாக டாக்சி ஓட்டுபவர் முன்கூட்டியே பதிந்திருந்தால்தான். 65 வயதுக்குக் குறைந்து, வருமானத்துக்கு மீறி மருந்துச் செலவு வந்தால் ஒன்ராறியோவின் டிரிலியம் மருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஓஹிப் (ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி) அட்டை இல்லாதவர்கள் குவீன் வீதியிலுள்ள பார்க்டேல் குவீன் வெஸ்ட் சமூக நல நிலையத்தை அணுகலாம்.

அறுவைக்கு நாள் குறித்து, கையெழுத்தும் போட்டுவிட்டீர்களா? அப்போதும் கேட்கலாம். கொடுத்த ஒப்புதலை எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம் என்று அதே சிகிச்சை ஒப்புதல் சட்டம் சொல்கிறது.