மேரு: கிள்ளானில் சாலை, ஜாவாவில் எரிமலை, தாய்லாந்தில் தகன மேடை

கிள்ளான்காரர்களுக்கு மேரு என்றால் ஜாலான் மேரு, அங்குள்ள பெரிய மார்க்கெட், அப்புறம் ஜாம். கோலாலம்பூரில் வேலைக்குப் போகிறவர்களுக்கு லெபோராயா மஹாமேரு. தினமும் வாயில் வரும் இந்தச் சொல் யாருக்குச் சொந்தம்?

தமிழில் மேரு, உலகின் நடுவே நிற்பதாக இந்து, பௌத்த, சமண மரபுகள் சொல்லும் பொன்மலை. திரிபுரத்தை எரிக்க சிவன் வில்லாக வளைத்தது இதைத்தான் என்பது புராணம். சமஸ்கிருதத்திலிருந்து வந்து நம்மோடு கலந்துவிட்ட சொல். குடவோலைத் தேர்தல் கல்வெட்டுக்குப் பேர்போன உத்திரமேரூர், சோழர் கல்வெட்டுகளில் உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். ஜெபமாலையில் எண்ணத் தொடங்கும் பெரிய மணிக்கும் மேரு என்றுதான் பெயர்.

அந்த மலை கடலும் தாண்டியது. ஜாவாவின் மிக உயர்ந்த மலை செமேரு, 3,676 மீட்டர். 'நல்ல மேரு' என்று பொருள்படும் சுமேருதான் இப்படி ஆனது. ஜாவா தீவு நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்ததாம். அதை நிறுத்த தேவர்கள் இந்தியாவிலிருந்து மேருவைத் தூக்கி வந்து வைத்தார்களாம். ஆணி அடித்த மாதிரி! பழைய ஜாவானிய நூலான தந்து பங்கெலாரன் சொல்லும் கதை இது. மலாய் மன்னர்களின் வரலாறு சொல்லும் செஜாரா மெலாயுவிலோ, அவர்களின் மூதாதையர் தோன்றிய இடம் பலெம்பாங்கில் உள்ள புக்கிட் சிகுந்தாங் மஹாமேரு. ஆக, நெடுஞ்சாலைப் பலகையைப் பார்த்து 'இது நம்ம சொல் ஆச்சே' என்று தோன்றினால் தப்பில்லை. ஆனால் மலாய்மொழிக்கும் அது பல நூற்றாண்டுச் சொந்தம்.

தாய்லாந்தில் கதை வேறு. எழுத்தில் மேரு, பேச்சில் 'மேன்'. பொருள், தகன மேடை. இறந்த மன்னர் தெய்வ உலகத்துக்குத் திரும்புகிறார் என்ற நம்பிக்கையில், சிதைக்கு மேல் மேரு வடிவில் மண்டபம் எழுப்புவார்கள். 2017 அக்டோபர் 26 அன்று மன்னர் பூமிபோலின் தகனம் அப்படித்தான் நடந்தது. இப்போது சாதாரணக் கோயில்களில் உள்ள தகனக் கூடத்துக்கும் அதே சொல்தான்.

இனிதான் சிக்கல். தான்சானியாவில் மேரு மலை இருக்கிறது. கென்யாவில் மேரு நகரம் இருக்கிறது. 'ஆப்பிரிக்காவிலும் நம் மேரு' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே அனுப்பிவிடாதீர்கள். கென்யாவின் மேரு, அங்கே வாழும் பாண்டு மொழி பேசும் இனத்தின் பெயர். அவர்கள் தங்களை 'அமீரு' என்கிறார்கள். பாரிசுக்கு வடக்கேயும் மேரு என்றொரு ஊர் உண்டு, சிப்பியில் பொத்தான் செய்து பேர் வாங்கியது. இந்த ஊர்களுக்கும் நம் பொன்மலைக்கும் உறவில்லை.

சரி, உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓசையை வைத்து அல்ல, சொல் வந்த வழியை வைத்து. கிள்ளான் மேரு வட்டாரத்தில் ஜாவா வம்சாவளியினர் நிறைய பேர் இருக்கிறார்கள்; உடனே செமேருவோடு முடிச்சுப் போட ஆசை வரும். பழைய வரைபடமோ நிலப் பதிவோ கையில் இல்லாமல் அந்த முடிச்சைப் போடக்கூடாது.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே 'மேரு' என்றால் மின்னஞ்சல். ஆங்கில 'மெயில்' அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. நம் மேரு அங்கே வேறு வேடத்தில் இருக்கிறது. பௌத்தத்தோடு சீனா வழியாகப் போன சுமேரு, ஜப்பானில் 'ஷுமி'. அங்குள்ள கோயில்களில் புத்தர் சிலை அமர்ந்திருக்கும் பீடத்துக்குப் பெயர் 'ஷுமிதான்'.