புதிய ஆசிரியரின் முதல் மாதம்

நான் பணியேற்ற நாளில், கையெழுத்திட்டதும் ஐந்தாம் வகுப்பைக் காட்டிவிட்டார்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கக்கூடக் கூச்சம். மூன்றாம் வாரத்தில் வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் தொடக்கப் பள்ளிக்குப் புதிய ஆசிரியை வந்தபோது, தலைமையாசிரியரிடம் கேட்டு, ஒரு மாதம் அவருக்குத் துணையாக இருந்தேன்.

முதல் நாள் தங்குமிடம், பேருந்து பற்றி மட்டும் பேசினோம். முதல் வாரம் அவர் என் வகுப்பில் அமர்ந்து 'எண்ணும் எழுத்தும்' செயல்பாடுகளைக் கவனித்தார். எமிஸ் பதிவுகளை இருவரும் சேர்ந்தே செய்தோம். பணிப்பதிவேடு தொடங்குவது போன்ற வேலைகள் முடிய நாளாகும், முதல் ஊதியம் தாமதமாகலாம் என்பதையும் முன்பே சொன்னேன். வாடகைக்கு அவரால் திட்டமிட முடிந்தது.

இரண்டாம் வாரம், "சார், நாலு பிள்ளைங்க வாயே திறக்க மாட்டேங்கறாங்க. எனக்குத்தான் நடத்தத் தெரியலையோ?" என்றார். "என் வகுப்புலயும் மூணு பேர் இருக்காங்க டீச்சர், சேர்ந்து பார்ப்போம்" என்றேன்.

அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் பள்ளியில் அது யார் என்பதை, புதியவர் வரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.