நம் குரல் பிறர் காதில்



ஊதாரி மைந்தன் உவமையைப் பற்றி இதே வானொலியில் ஒருமுறை பேசினோம். திரும்பி வந்த மகனைத் தந்தை ஓடிச் சென்று கட்டி அணைத்துக்கொண்டதைத்தான் பத்து நிமிடமும் விளக்கினோம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு பாட்டி அருகில் வந்து, "ரேடியோவுல கேட்டேன் சாமி. யார் மேல அவ்வளவு கோபம்?" என்றார்.

சிரித்துச் சமாளித்தோம். இரவில் பதிவைப் போட்டுக் கேட்டபோது பாட்டி சொன்னது சரி என்று தெரிந்தது. சொற்களில் இரக்கம் இருந்தது, குரலில் கண்டிப்பு இருந்தது. பாட்டிக்குப் போய்ச் சேர்ந்தது குரல்தான்.

நம் குரலை நாம் சரியாகக் கேட்பதில்லை. பேசும்போது அது காற்று வழியாக மட்டுமன்றி, மண்டை எலும்பின் அதிர்வாகவும் நம் உட்செவியை அடைகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால் நம் குரல் நமக்குக் கனமாகவும் இதமாகவும் கேட்கிறது. பிறருக்குக் கிடைப்பது காற்றில் வருவது மட்டுமே. அதனால்தான் செல்போனில் பதிவான சொந்தக் குரலைக் கேட்டு "இது நானா?" என்று கூசுகிறோம். கூசினாலும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

குரல் இனிமையாக இல்லையே என்று வாசகம் வாசிக்க எவரும் தயங்க வேண்டாம். மோசே தமக்கு நாவன்மை இல்லை என்று முறையிட்டார். பவுலின் திருமுகங்கள்தாம் வலிமையானவை, பேச்சு எடுபடாது என்று கொரிந்தில் சிலர் குறை கூறினார்கள் (2 கொரி 10:10). இனிமை வேறு, தெளிவு வேறு. எருசலேமில் எஸ்ரா திருச்சட்ட நூலை வாசித்தபோது, மக்களுக்குப் புரியும்படி லேவியர் அதைத் தெளிவாக எடுத்துரைத்தனர் என்கிறது நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரம். புரிந்ததால்தான் மக்கள் அழுதார்கள். கோவிலில் மறைநூல் வாசிக்கப்படும்போது பேசுபவர் கிறிஸ்துவே என்று, 1963இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு (எண் 7) கற்பிக்கிறது. அவர் நம் வாயைக் கடன் வாங்குகிறார் என்றால் அது விளையாட்டா?

நம் மொழியில் ஒரு சிக்கல் உண்டு. வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆம் என்பதும் இல்லை என்பதும் வாக்கியத்தின் வாலில்தான் தெரியும். நாமோ தொடக்கத்தில் மூச்சையெல்லாம் செலவழித்துவிட்டு, முடிவில் குரலை இறக்கிவிடுகிறோம். "ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார்" என்று வாசிக்கும்போது, "கைவிட" வரை உரக்க வந்து "மாட்டார்" தொண்டைக்குள் போய்விடுகிறது. கடைசிப் பெஞ்சில், மின்விசிறிச் சத்தத்தின் கீழே, மகனை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகாத தாய் அமர்ந்திருக்கலாம். அவர் காதில் எது விழும்?

இதற்கு மருந்து மூச்சுதான். கையை வயிற்றில் வைத்துப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது தோள் உயராமல் வயிறு முன்னே வர வேண்டும். நீண்ட வாக்கியமானால் காற்புள்ளியில் நின்று மூச்சு எடுத்துக்கொள்ளலாம். யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை. உயர்ந்த கூரையுள்ள கோவிலில் வேகமாக வாசித்தால் முந்தைய சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின்மேல் விழும். மைக்கை ஒரு சாண் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு "ப"வும் வெடியாகக் கேட்கும். அதை ஊதிப் பார்ப்பதையும் தட்டிப் பார்ப்பதையும் விட்டுவிடலாம்.

ழகரமும் கவனத்துக்குரியது. இயேசு தம்மை "வழி" என்றார், நாம் அவரை "வலி" ஆக்கிவிடுகிறோம்! ஆனால் வட்டாரப் பேச்சுக்காக யாரையும் கேலி செய்ய வேண்டாம். பேதுருவும் தம் கலிலேயப் பேச்சால்தான் அகப்பட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். முன்பின் தெரியாதவர் போனில் அழைத்தால் குரல் குழைகிறது. மனைவியிடமும் மகளிடமும் "சாப்பிட்டாயா?" என்று கேட்பது போலீஸ் விசாரணை போல இருக்கிறது. அன்பு இல்லாமல் இல்லை, அது குரலுக்கு வந்து சேரவில்லை.

எங்கள் கோபக் குரலுக்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. குருமடத்தில் நாங்கள் பழகியது கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கும்படி பேசுவது. அதையே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மைக்கிலும் செய்தோம். "ஊருக்குப் பேசாதீர்கள் ஃபாதர், ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக் கேட்கும் ஒருவருக்குப் பேசுங்கள்" என்று ஒலிப்பதிவாளர் திருத்தினார்.

வருகிற ஞாயிறு வாசகம் வாசிக்க இருப்பவர்கள் சனிக்கிழமை மாலை கோவிலுக்கு வாருங்கள். ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து கேட்கட்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளலாம். நாமும் உடன் இருப்போம்.

இப்போதெல்லாம் பதிவறையில் நுழைந்ததும், எதிர் நாற்காலியில் அந்தப் பாட்டி இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். இன்றைக்கு எப்படி இருந்தது என்பதை ஞாயிறு அவரே வந்து சொல்லுவார்.